பதினேழாம் கதவைத் திறந்த புஷ்பம்

ருவான்வெல்லைக்கு மேலே உள்ள இறப்பர்த் தோட்டமொன்றின் கீழ்ப்பிரிவில் இருபத்தொன்பது வருடமும் நான்கு மாதமும் பால் வெட்டியவர் புஷ்பம். நாளொன்றுக்கு இருநூற்றெண்பது மரம். ஆனால் பிரிவில் அவருக்கிருந்த மதிப்பு மரத்தால் வந்ததல்ல, கதையால் வந்தது.

இரவில் மழை பெய்தால் பட்டை காயும்வரை மரத்தில் கத்தி வைக்க முடியாது. அந்தக் காலைகளில், வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக் கொட்டகையில் பத்தொன்பது பெண்கள் காத்திருப்பார்கள். அவர்களில் பதினான்கு பேர் வீட்டில் டிவி ஓடுவதில்லை. முந்தின மாலை பார்த்த ‘பதினேழாம் கதவு’ என்ற பேய்த்தொடரைப் புஷ்பம் அவர்களுக்குச் சொல்வார்.

முதல் சீசன் இருபத்தாறு பகுதி. நான்கு கொலை, இரண்டு பேய், ஒரு கிணறு. அதைக் கேட்ட பயத்தில், கூட்டத்திலிருந்த தங்கம்மா ஒருநாள் தன் மரங்களைத் தாண்டி ஓடி, அடுத்த பிரிவு மரங்களை வெட்டிவிட்டு வந்தார். இரண்டாம் சீசனில் அறுபது பகுதிக்கு ஒரே கொலை, செத்தவரும் பிழைத்துக்கொண்டார். அடைமழைக் காலத்தில் வந்த மூன்றாம் சீசனில் கதாநாயகி அந்தப் பதினேழாம் கதவின் பூட்டில் சாவியை நுழைத்தாள். நுழைத்தவள் பதினொரு நாள் அப்படியே நின்றாள்.

“இன்னைக்கி என்னாச்சு புள்ள?” என்று கேட்டார், அங்கே வயதில் மூத்த கருப்பாயி.

“வேர்வ வந்திச்சி.”

“நேத்தும் அதான வந்திச்சி.”

“நேத்து நெத்தியில. இன்னைக்கி கழுத்துல.”

கொட்டகையின் மறுமூலையில் தங்கம்மா, ஒரு சொளகுக்காக மருமகளோடு நடக்கும் சண்டையைச் சொல்லத் தொடங்கினார். அதில் தினமும் ஏதாவது நடந்தது. வியாழக்கிழமை புஷ்பத்தின் பக்கம் மூன்று பேர்தான் மிஞ்சினார்கள். தன் கூட்டம் ஒரு சொளகிடம் தோற்பதைப் பொறுக்கமாட்டாமல், வெள்ளிக்கிழமை தன் கதையில் அவரே கதவைத் திறந்துவிட்டார்.

உள்ளே ஒரு பேய், தோட்டத்து வரவுப் பதிவேடான செக்ரோலை விரித்துப் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. எல்லாம் செத்தவர்களின் பேர். ‘இருக்கேங்க’ என்று சொல்ல ஆளில்லாததால், நாற்பது வருடமாக அது முதல் பேரைத் தாண்டவில்லை.

“சரி, இப்பதான் கத,” என்றார் கருப்பாயி. கூட்டம் திரும்பி வந்தது.

திங்கட்கிழமை வெளிக்கள உத்தியோகத்தர் ஜதீஸ்வரன் பேர் கூப்பிட்டபோது யாரும் பதில் சொல்லவில்லை, சிரித்தார்கள். அவர் பருத்தித்துறைக்காரர். தொடரில் ஒரு பகுதியும் தவறவிடாதவர். காரணத்தை விசாரித்து அறிந்ததும் முகம் சிவந்துவிட்டது.

“புஷ்பமக்கா, அந்தக் கதவு இன்னும் திறக்கேல்லை. நானும் பாக்கிறனான்.”

“நம்ம பெரட்டுல தொறந்திருச்சுங்க ஐயா.”

“டிவியில பூட்டித்தான் கிடக்கு.”

“டிவிக்காரனுக்கு இன்னும் சேதி போகலைங்க,” என்றார் கருப்பாயி.

நாற்பத்தெட்டாம் பகுதியோடு மூன்றாம் சீசன் முடிந்தது. சாவி பூட்டுக்குள்ளேயே இருந்தது. நான்காம் சீசன் கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். மறுநாட்காலை ஜதீஸ்வரன் பேர் கூப்பிடாமல், ஒரு பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்தார்.

“சொல்லுங்கோ அக்கா. அந்தப் பேய் ரெண்டாவது பேரை எப்ப கூப்பிடும்?”

இருபது முகங்கள் புஷ்பத்தைப் பார்த்தன. கதவைத் திறந்தாயிற்று, இனித் திறப்பதற்கு ஒன்றுமில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. இரண்டாவது பேரைக் கூப்பிட்டால் மூன்றாவதும் வரும். ஒரு வாரத்தில் செக்ரோல் முடிந்து, கூட்டம் சொளகுக்குப் போய்விடும்.

“பேய் கண்ணாடியக் கழட்டிச்சுங்க,” என்றார் மெதுவாக. “தொடைக்க ஆரம்பிச்சிச்சு.”

ஒரு பக்கத்தைத் துடைத்து முடிக்க நான்கு காலை பிடித்தது. ஐந்தாம் காலை பேய் மறுபக்கத்தைத் துடைக்கத் தொடங்கியபோது, ஜதீஸ்வரன் வாளியை இன்னும் கிட்ட இழுத்துப் போட்டுக்கொண்டார்.