நாலு விரல் நிழல்

பழைய இங்கிலாந்துத் தேர்தல்களைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் போதும், நான் வாயை மூடமாட்டேன். பல்கலைக்கழகத்தில் பிடித்த பைத்தியம் என்று நண்பர்கள் நினைக்கிறார்கள். இல்லை. அது எட்டு வயதில், ஒரு மங்கல் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் தொடங்கியது.

நாங்கள் குடியேறியிருந்த நாட்டில், லுசேர்ண் நகருக்கு வெளியே இருந்த எங்கள் சிற்றூரில், எங்களுக்குக் குடியுரிமை கொடுப்பதா என்று ஊரவர்கள் மண்டபத்தில் கூடிக் கை உயர்த்தி முடிவு செய்தார்கள். அதுவரை நாங்கள் வெளியே நிற்க வேண்டும். அம்மா கும்பிட்டுக்கொண்டிருந்தார். அக்காவுக்கு மறுநாள் சரித்திரப் பரீட்சை.

“கேளுங்கோ அப்பா, 1832இல இங்கிலாந்தில கன குத்தகைக்காரருக்கு வோட்டுக் குடுத்தவையாம். ஆனா ஆருக்குப் போடுறன் எண்டு எல்லாருக்கும் கேக்கச் சொல்லோணுமாம். காணிக்காரன் பாத்துக்கொண்டு நிப்பானாம். ரகசியமாப் போட விட்டது நாப்பது வருசத்துக்குப் பிறகுதான்.”

“உன்ரை இங்கிலாந்தைக் கொஞ்சம் மூடி வை, பிள்ளை” என்றார் அப்பா.

உள்ளே ஒரு குரல் கேள்வி கேட்டது. மாலை வெயில் அந்தப் பக்கத்து ஜன்னல்களால் விழுந்து, தலைகளின் நிழலைக் கண்ணாடியில் கரிய மேடுபோலக் காட்டியது. ஒன்றும் அசையவில்லை. யாரும் இருமவுமில்லை. பிறகு ஒரு கை எழுந்தது. அதில் சுட்டுவிரல் இல்லை.

அப்பா சமைத்த ஹோட்டலின் முதலாளிக்குத்தான் அந்த விரல் இல்லை. நாங்கள் இருந்த வீடும் அவருடையது. அந்தக் கைக்குப் பின்னால்தான், ஏரித் தண்ணீருக்குள்ளிருந்து நாணல் முளைப்பதுபோல, சத்தமேயில்லாமல் மற்றக் கைகள் எழுந்தன. நான் துள்ளினேன். ஊருக்கே எங்களைப் பிடித்திருக்கிறது!

அடுத்த வருடம், பிள்ளைகள் விளையாடும் புல்வெளியை ஹோட்டலின் கார் தரிப்பிடமாக்க முதலாளி ஊரிடம் அனுமதி கேட்டார். அப்பா வாக்காளராகப் போகும் முதல் கூட்டம். சட்டையை அயர்ன் பண்ணிக்கொண்டே அம்மாவிடம் சொன்னார்: “அது பிள்ளையளின்ரை இடம். நான் கை தூக்கமாட்டன், இருந்து பாரும்.”

“வீடும் அந்தாளின்ரைதானே, அப்பா?” என்றாள் அக்கா. அப்பா சட்டைக் கொலரைத் திருப்பிப் போட்டு இன்னொருமுறை அழுத்தினார்.

நானும் கூடவே போய் அதே கதவுக்கு வெளியே காத்திருந்தேன். அதே வெயில். அதே அசைவின்மை. நாலு விரல் நிழல் எழுந்தது. எழுந்து, அப்படியே நின்றது. மற்றவை முளைத்தன. கடைசியாக, ஓர் ஓரத்தில், ஒரு கை மெல்ல மெல்ல ஏறியது, உடம்புக்குத் தெரியாமல் தானாக ஏறுவதுபோல. அடுப்பில் சுட்டு மடங்கிப்போன சின்னவிரல். அப்பாவின் கை!

வெளியே வந்தவரிடம் கத்தினேன்: “அப்பா, உங்கட கையை நான் கண்டனான்!”

அவர் கையைக் கோட்டுப் பைக்குள் வைத்தார். வீடு வரும்வரை எடுக்கவில்லை. தெருவைக் கடக்கும்போதெல்லாம் என் கையைப் பிடிப்பவர், அன்று பிடிக்கவேயில்லை. மண்டப வாசலில் சத்தம் போட்டதற்குத்தான் கோபம் என்று நினைத்துக்கொண்டேன்.