மூலத்தில் உள்ளபடி

ருக்கு எதையும் மறக்கமாட்டாள். மன்னிக்கமாட்டாள் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும். டில்லி லோதி ரோட்டு அலுவலகத்தில் அவளோடு ஒரு வருஷம் வேலை பார்த்த எல்லோருக்கும் இது தெரியும். கோபம் வந்தால் கத்தித் தீர்க்கிறவர்களைப் பற்றி யாருக்கும் பயமில்லை. சாயங்காலம் ஒரு டீயோடு அது போய்விடும். ருக்கு கத்தியதே இல்லை. கோபத்தை உப்புப் போட்டு ஜாடியில் அடைத்து மேல் தட்டில் வைத்துவிடுவாள். எத்தனை வருஷம் கழித்துத் திறந்தாலும் கெடாது.

சந்திரசேகர் என்ற செக்‌ஷன் ஆபீசரைக் கேட்டால் சொல்வார். அம்மாவின் கண் ஆபரேஷனுக்காக ருக்கு நான்கு நாள் லீவு எடுத்ததற்கு, 'வேலையில் அக்கறை போதாது' என்று வருடாந்திர ரிப்போர்ட்டில் எழுதிவைத்த புண்ணியவான் அவர். ஒன்பது வருஷம் கழித்து அவருடைய ஓய்வூதியக் காகிதங்கள் ருக்குவின் மேஜைக்கு வந்தன. அவள் பொய்யாக ஒரு ஆட்சேபணைகூட எழுதவில்லை. ஒரு தாளில் இனிஷியல் ஒன்று, இன்னொரு தாளில் இரண்டு. மனைவியோடு எடுத்த படத்தில் மனைவியின் காது தெரியவில்லை. கையெழுத்து பழைய கையெழுத்தோடு ஒத்துப்போகவில்லை. காகிதக் கட்டு நாலு தடவை திரும்பிப் போனது. ஐந்தாவது தடவை மனிதர் நேரிலேயே வந்து நின்றார்.

"என்னம்மா ருக்கு, நம்மூர்க்காரன்னு கொஞ்சம் பாக்கப்படாதா?"

"ரூல்ஸ் என்ன சொல்றதோ அதைத்தான் சார் பாக்கறேன். உக்காருங்கோ, சாய் சொல்றேன்" என்றாள் ருக்கு.

இப்படிப்பட்டவளைக் கூடப்பிறந்த தம்பி ஸ்ரீவத்ஸன் நாற்பத்தெட்டு வயதுவரை புரிந்துகொள்ளாமலே இருந்ததுதான் வேடிக்கை.

அப்பா மத்திய அரசு குமாஸ்தா. பதவியில் இருக்கும்போதே போய்விட்டார். அப்படிப் போனால் வீட்டில் ஒருவருக்குக் கருணை அடிப்படையில் வேலை கொடுப்பார்கள். அப்போது ருக்குவுக்கு இருபது வயது, பி.ஏ. இரண்டாம் வருஷம். தம்பிக்குப் பதின்மூன்று. அவள் கல்லூரியை விட்டுவிட்டு அப்பாவின் அலுவலகத்தில் போய் உட்கார்ந்தாள். அம்மா சாவித்திரி தானே அவள் கையில் டிபன் டப்பாவைக் கொடுத்து அனுப்பினாள். அன்றிலிருந்து இன்றுவரை முப்பத்தைந்து வருஷம். கல்யாணத்துக்கு வந்த இரண்டு இடங்களும், தம்பி படித்து முடிக்கட்டும் என்று சொன்னதில் வேறு பெண்களைப் பார்த்துக்கொண்டு போய்விட்டன.

வேலையில் அவளுக்குப் பழகிப்போன ஒரு வாசகம் உண்டு. எந்தக் காகிதத்தை நகலெடுத்தாலும் எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பார்த்து, கீழே 'மூலத்தில் உள்ளபடி' என்று முத்திரை குத்திக் கையெழுத்துப் போடவேண்டும். ஒரு புள்ளி குறைந்தாலும் அவள் போடமாட்டாள்.

வத்ஸன் கெட்டிக்காரன். பள்ளிக்கூடத்தில் தமிழும் இருந்தது, சமஸ்கிருதமும் இருந்தது. சமஸ்கிருதத்தில் மார்க் கொட்டும் என்று அதை எடுத்துக்கொண்டான். ஆகவே வீட்டில் தமிழ் பேசுவானே தவிர, 'அ' எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவனுக்குத் தெரியாது. கல்யாணம் செய்துகொண்டதும் சுஷ்மா என்ற பஞ்சாபிப் பெண்ணை. அதனால் லண்டனுக்குப் போன பிறகு, அங்குள்ள தமிழ்ச் சங்க மலரில் அவன் பெயரில் வந்த கட்டுரை, பொங்கல் வாழ்த்து, இரங்கல் செய்தி எல்லாம் ருக்கு எழுதியதுதான். "அக்கா, இதைக் கொஞ்சம் தமிழ்ல போட்டு அனுப்பு, ஜல்தி" என்று வாட்ஸாப்பில் வரும். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் எழுதி அனுப்பிவிடுவாள். தம்பி பெயர் அச்சில் வருவதில் அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

பத்து வருஷமாக அவனுக்கு அரசியல் பித்து. முதலில் ஒரு பெரிய கட்சிக்காக மழையில் நோட்டீஸ் போட்டான். கவுன்சிலர் சீட்டுக் கொடுக்கவில்லை. எதிர்க்கட்சிக்குப் போனான். அங்கேயும் கைவிரித்துவிட்டார்கள். இப்போது மூன்றாவதாக, புதிதாக உப்பிக்கொண்டு வரும் ஒரு கட்சி. இந்த மாதிரி ஆட்களை டில்லியில் ஆயாராம் கயாராம் என்பார்கள்.

"இங்க ரெண்டு பெரிய கட்சியும் ஆட்டம் கண்டுடுத்துக்கா" என்று போனில் விளக்கினான். "ஜனங்க வெறுத்துப் போயிருக்கா. வெளிநாட்டுக்காராளை யார் ஜாஸ்தி திட்டறாளோ அவாளுக்குத்தான் ஓட்டு."

"நீயே வெளிநாட்டுக்காரன்தானேடா?"

"அதுக்குத்தானே எனக்குச் சீட்டு! அதையே நான் சொன்னா யாராலயும் குத்தம் சொல்ல முடியாது பாரு."

ருக்கு சிரித்தாள். அன்றைக்கு அவளுக்கு அது வெறும் அரட்டைதான்.

அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயதானபோது ஒரே ஒரு ஆசை. பேத்தி ஷ்வேதாவைப் போனில் பார்த்தது போதும், ஒரு தடவை கிட்டத்தில் உட்காரவைத்துத் தலைவாரிவிட வேண்டும். விசா மையத்துக்கு ருக்கு அவளைச் சக்கர நாற்காலியில் அழைத்துப் போனாள். பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த விரல்கள் இயந்திரத்தில் பதியவில்லை. அந்தப் பெண் ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து ஏழு தடவை முயன்றாள். வெள்ளைச் சுவர் பின்னணியில், சிரிக்கக் கூடாது என்று சொல்லி, படம் எடுத்தார்கள். எல்லாம் தயார். வத்ஸன் கையெழுத்துப் போட்ட அழைப்புக் கடிதம் ஒன்றுதான் பாக்கி.

"ருக்கு, வத்ஸன் லெட்டர் அனுப்பினானோ?" என்று அம்மா தினமும் கேட்டாள்.

அவன் அனுப்பவில்லை. கடைசியில் ஒருநாள் உண்மையைச் சொன்னான். "சீட்டுக்கு இன்டர்வ்யூ நடந்துண்டிருக்குக்கா. இந்த நேரத்துல நான் அம்மாவை வரவழைக்கிறேன்னு தெரிஞ்சா எப்படி இருக்கும்? எங்க கட்சி பேசறதே அதைப் பத்தித்தானே. தேர்தல் முடியட்டும்."

கடிதம் இல்லாமலே விண்ணப்பம் போனது. மறுத்துவிட்டார்கள். அம்மா அந்த மறுப்புக் கடிதத்தைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். அதில் மகனுடைய லண்டன் விலாசம் அச்சில் இருந்ததாம். ஜனவரிக் குளிரில் நெஞ்சுச்சளி கட்டிப் பதினோரு நாளில் போய்விட்டாள். வத்ஸன் வரவில்லை. கொள்ளி வைத்தது ருக்கு. அவன் போனில் பார்த்துக்கொண்டிருந்தான், நடுவில் ஒரு தடவை சிக்னல் போனது.

ருக்கு ஜாடியை மேல் தட்டில் வைத்தாள்.

மார்ச் மாதம் அவனிடமிருந்து இரண்டு ஃபைல்கள் வந்தன. இரண்டும் ஆங்கிலத்தில். முதலாவது அச்சாகி ஏற்கெனவே வெள்ளைக்காரத் தெருக்களில் கொடுத்துவிட்ட நோட்டீஸ். "இது அளவுக்குத்தான்க்கா. எத்தனை வரி, எங்கே கட்டம்னு பாத்துக்கோ. ரெண்டாவதைத்தான் தமிழ்ல போடணும். வார்டுல தமிழ்க்காரா ஆயிரம் பேருக்கு மேல இருக்கா, பாதி யாழ்ப்பாணம். அவா ஓட்டு இல்லாம நான் ஜெயிக்க முடியாது. லாஸ்ட் சான்ஸ், இதுல தோத்தா அடுத்த தடவை சீட்டு கிடையாது."

அலுவலகப் புல்வெளியில் வேப்பமரத்து நிழலில் உட்கார்ந்து இரண்டாவதைத் திறந்தாள். 'வணக்கம். நான் உங்கள் வீட்டுப் பிள்ளை. என் தாய் எனக்கு ஊட்டியது தமிழ். பெற்றோரைத் தெய்வமாக மதிப்பதே நம் பண்பாடு.' பக்கத்துக் கட்டத்தில் அம்மாவின் படம். வெள்ளைப் பின்னணி, சிரிக்காத முகம். விசாவுக்கு எடுத்து, ருக்குவே அவனுக்கு அனுப்பிவைத்த படம்.

அவனைக் கூப்பிட்டுக் கிழித்துத் தொங்கவிடலாம் என்று ருக்கு நினைத்தாள். அன்று வீட்டுக்கு வந்து, அவன் நோட்டீஸுக்குப் பதிலாகத் தன் மனதில் இருந்ததையெல்லாம் நாலு பக்கம் எழுதினாள். நயவஞ்சகன், பெற்றவளை விற்றவன், எல்லாம் இருந்தது. எழுதி முடித்துப் படித்தபோது பிடிக்கவில்லை. அது அவளுடைய வார்த்தை. அவள் வார்த்தை எதற்கு? நாலு பக்கத்தையும் கிழித்துப் போட்டாள்.

பிறகு முதல் ஃபைலைத் திறந்தாள். அளவுக்காக மட்டும் என்று அவன் அனுப்பியதை.

மூன்று நாள் மத்தியானங்கள் அதற்கு ஆயின. ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. ஆங்கிலத்தில் மழுப்பலாக இருந்த இடத்தில் தமிழிலும் மழுப்பலாகவே எழுதினாள். நல்ல தமிழ், பிழையில்லாத தமிழ், எழுபது வயது யாழ்ப்பாணத்து வாத்தியார் படித்தாலும் சிவப்பு மையைத் தொடவேண்டியிராது. எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டாள். கையில் முத்திரை இல்லாததுதான் குறை. இரண்டாவது ஃபைலின் வரிகள் இருந்த இடத்தில் அதைப் பொருத்தி அனுப்பினாள். அம்மாவின் படம் அதன் கட்டத்தில் அப்படியே இருந்தது.

அச்சுக்குப் போகுமுன் வத்ஸன் கூப்பிட்டான். யாரிடமாவது காட்டியிருந்தால் எல்லாம் போச்சு என்று ருக்கு நினைத்தாள்.

"கட்சி ஆபீஸ்ல யார் சரிபார்த்ததுன்னு கேட்டாக்கா. எங்க அக்கா, இந்திய கவர்ன்மென்ட்ல ஆபீசர்னேன். சரின்னுட்டா. நீ ஒரு தடவை வாசிச்சுக் காட்டேன், கேக்கணும்போல இருக்கு."

அவள் இரண்டாவது ஃபைலைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, வாயாலேயே தமிழாக்கி, தேனொழுக வாசித்தாள். இந்த விவகாரம் முழுவதிலும் அவள் சொன்ன பொய் அது ஒன்றுதான்.

"அம்மா இருந்தா அழுதிருப்பாக்கா" என்றான்.

"அழுதிருப்பாடா" என்றாள் ருக்கு.

மே மாதம் தேர்தல். கோட்டும் குங்குமமுமாக வீடுவீடாகப் போய்க் கைகூப்பி, இரண்டு கையாலும் நோட்டீஸைக் கொடுக்கிற படங்களை அவன் அனுப்பிக்கொண்டே இருந்தான். ருக்கு ஒவ்வொன்றையும் பெரிதாக்கி, வாங்குகிறவர்களின் முகத்தைப் பார்த்தாள். ஒரு படத்தில் ஒரு பெரியவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் படிக்கத் தொடங்கியிருந்தார். அன்று ருக்கு சாயிபாபா கோவில் வாசலில் பூ வாங்கி அம்மா படத்துக்குப் போட்டாள்.

சனிக்கிழமை மத்தியானம் போன் வந்தது. ஓட்டு எண்ணி முடித்திருந்தார்கள்.

"தோத்துட்டேன்க்கா" என்றான் வத்ஸன். "வெள்ளைக்காரத் தெருவுல எல்லாம் நன்னாத்தான் விழுந்திருக்கு. நம்ம தெருவுலதான் துடைச்சு விட்டுட்டா. ஒருத்தர்கூடப் போடலையோ என்னமோ. எல்லார் ஆத்துலயும் வாங்கிப் பாத்துட்டுக் கதவைச் சாத்திட்டா, அவசர வேலைன்னு நினைச்சேன். ஒரு கிழவி மட்டும் நிக்கவெச்சு, முழுக்கப் படிச்சுட்டு, அம்மா படத்தைக் காமிச்சு, 'தம்பி, இது உங்கட அம்மாவோ? இவவும் பாரம்தானோ?'ன்னு கேட்டா. எனக்கு ஒண்ணும் புரியலை. நீ என்னக்கா எழுதின அதுல?"

"நான் ஒண்ணும் எழுதலையே."

"அக்கா, விளையாடாதே."

"நீ எழுதினதைத்தான் தமிழ்ல போட்டேன். மொதல் ஃபைல்."

"அளவுக்குன்னு சொன்னேனேக்கா!" என்று கத்தினான்.

"அந்தத் தெருவுக்கு ஒண்ணு, இந்தத் தெருவுக்கு ஒண்ணு எதுக்குடா? ஒரே நாடு, ஒரே பண்பாடுன்னு நீதானே எழுதியிருக்கே. இரு, வாசிச்சுக் காட்டறேன். அன்னிக்குக் கேக்கணும்போல இருக்குன்னியே."

எழுந்து போய், சத்தம் போட்டுக்கொண்டிருந்த கூலரை அணைத்தாள். நோட்டீஸின் பிரதியை அம்மா படத்துக்குக் கீழே வைத்திருந்தாள். அதை எடுத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"'பல பண்பாடு என்ற பரிசோதனை தோற்றுவிட்டது. தஞ்சம் என்று சொல்லி வந்தவர்களை நாம் போதுமான அளவு பார்த்துவிட்டோம். ஆங்கிலம் படிக்கத் தெரியாதவர்களுக்காக மொழிபெயர்ப்புக்குச் செலவிடுவதை நிறுத்துவோம்.'"

"அக்கா, போறும்."

"'வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்படும் வயதான பெற்றோர் நம் மருத்துவமனைகளுக்குப் பாரம்.' இது அம்மா படத்துக்குப் பக்கத்துல வந்திருக்கு. கட்டத்தை நான் மாத்தலை."

அவன் அழுகிற சத்தம் கேட்டது. ஜனவரியில் அழவேண்டிய அழுகை என்று ருக்கு நினைத்தாள். அவளுக்கு இரக்கம் வரவில்லை. வருமோ என்று ஒரு நிமிஷம் காத்திருந்தும் பார்த்தாள்.

"இன்னும் ஒரு வரி பாக்கிடா. கடைசி வரி. இது நீ அனுப்பின ரெண்டு நோட்டீஸ்லயும் ஒண்ணேதான்."

மூக்குக்கண்ணாடியைப் புடவைத் தலைப்பில் துடைத்துப் போட்டுக்கொண்டு, நிறுத்தி நிதானமாக வாசித்தாள்.

"'என் குடும்பத்துக்கு எதைச் செய்தேனோ, அதையே உங்கள் குடும்பத்துக்கும் செய்வேன்.'"