பேசும் கைக்கு ஓய்வு

ஊறுகாய் பாட்டிலின் மூடியைத் திருகும்போதுதான் என் மனைவி இசக்கியம்மாளுக்கு முதலில் வலித்தது. வலது மணிக்கட்டில், பெருவிரலின் அடியில் ஓர் இழுப்பு. பாட்டிலை என்னிடம் நீட்டினாள். திறந்து கொடுத்தேன். இருவரும் அதை மறந்துவிட்டோம்.

இசக்கிக்குப் பிறவியிலிருந்தே காது கேட்காது. சைகையில்தான் பேசுவாள். தென்காசியில் ஒரு தையல் கடையில் துணி வெட்டுகிறாள். பகல் முழுக்கக் கத்தரி, வீட்டுக்கு வந்தால் பேச்சு. இரண்டுக்கும் அதே கைதான். அவள் சொன்னவற்றை இங்கே எங்கள் ஊர்ப் பேச்சில் எழுதுகிறேன். அவள் கை அசையும்போது என் மனதுக்குள் அது அப்படித்தான் கேட்கும்.

சில வாரங்களில் வலி முழங்கையை நோக்கி ஏறியது. கத்தரியை விரிக்கும்போதெல்லாம் முகம் சுளித்தாள். இலஞ்சியில் எங்களோடு இருக்கும் என் அம்மா அதைச் சுளுக்கு என்றாள். குற்றாலத்துக்கு அழைத்துப் போய் எண்ணெய் தேய்த்து நீவிவிடச் சொன்னாள். நீவியவர் பெருவிரலைப் பிடித்துச் சொடுக்கி இழுத்திருக்கிறார். மறுநாள் காலையில் அந்த இடம் புடைத்துச் சூடாக இருந்தது. இதே வலியோடு இதைப் படிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன்: என்னவென்று தெரியும்வரை யாரையும் இழுக்க விடாதீர்கள்.

தென்காசியில் ஓர் எலும்பு மருத்துவரைப் பார்த்தோம். நடுத்தர வயதுப் பெண். இசக்கியிடம் பெருவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொன்னார். பிறகு அந்த முஷ்டியைச் சுண்டுவிரல் பக்கமாக மெல்லச் சாய்த்தார். இசக்கி கையை உருவிக்கொண்டாள். கண்ணில் நீர் வந்துவிட்டது.

“இது தசைநாண் அழற்சி” என்றார் மருத்துவர். (தசைநாண் என்பது தசையை எலும்போடு இணைக்கும் கயிறு போன்றது. பெருவிரலை அசைக்கும் நாண்கள் மணிக்கட்டில் ஓர் உறைக்குள் ஓடுகின்றன. அந்த உறை தடித்துவிட்டால் ஒவ்வொரு அசைவிலும் உரசும்.) “எலும்புல ஒண்ணும் இல்ல. மணிக்கட்டையும் பெருவிரலையும் அசையாம பிடிக்க ஒரு பட்டை தாரேன். நாலஞ்சு வாரம் கைக்கு முழு ஓய்வு வேணும்.”

நான் அதைச் சைகையில் சொன்னேன். இசக்கி என்னைப் பார்க்கவில்லை. மருத்துவரைப் பார்த்துக் கையை அசைத்தாள். நான் குரல் கொடுத்தேன்.

“அப்ப நான் வாயப் பொத்திக்கிட்டு இருக்கணுமா?”

மருத்துவர் எழுதுவதை நிறுத்தினார். “அத நான் யோசிக்கல. தேவையானத மட்டும் பேசட்டுமே.”

“தேவையானது எதுன்னு யாரு முடிவு பண்ணுவா?”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார். பட்டையை அவரே கட்டிவிட்டார்.

இடது கையால் பேச முயன்றாள். பல் பிடுங்கிக்கொண்டு வந்தவர் பேசுவதுபோல இருந்தது. செல்போனில் தட்டலாம் என்றால் அதற்கும் பெருவிரல் வேண்டும். தண்ணீர், சோறு, மாத்திரை என்று பேச்சு சுருங்கியது. கடையில் நடந்தது, யார் எந்த ரவிக்கைக்குச் சண்டை போட்டார் என்பதெல்லாம் நின்றுபோனது.

அம்மாதான் அதை முதலில் சொன்னாள். “ஏலே, அவ முன்ன மாரி என்னயத் திட்ட மாட்டேங்காளே. என்னமோ போல இருக்கு.”

எனக்கு ஒரு பழக்கம் வந்தது. அவள் கையை எடுத்ததுமே என்ன சொல்ல வருகிறாள் என்று ஊகித்து நானே முடித்துவிடுவேன். பெரும்பாலும் சரியாகவே இருந்தது. அவள் வலியைக் குறைப்பதாகத்தான் நினைத்தேன்.

வீக்கம் வற்றவில்லை. மறுபடி போனபோது மருத்துவர் உறைக்குள் ஸ்டீராய்டு ஊசி (வீக்கத்தை அடக்கும் மருந்து) போடலாம் என்றார். அதற்கும் கேட்காவிட்டால் சிறிய அறுவை சிகிச்சை. “சரி, போட்டுருங்க டாக்டர். அவளும் அதத்தான் நெனைக்கா” என்றேன்.

என் உதட்டைப் படித்துவிட்டாள். மேசையில் இடது கையால் அறைந்தாள். பட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு வலது கையாலேயே பேசினாள். ஒவ்வொரு சொல்லுக்கும் வலித்திருக்கும்.

“நான் இன்னும் சொல்லல. ஒங்க நாக்குல ஊசி போடணும்னா இப்படிச் சட்டுனு சரின்னு சொல்லுவீங்களா?”

ஒரு சொல்லும் விடாமல் மருத்துவருக்குச் சொன்னேன். பிறகு அவள் கேள்விகள் கேட்டாள். விரல் பலம் இழக்குமா? மரத்துப்போகுமா? மருத்துவர் நாற்காலியை இழுத்து அவள் எதிரே போட்டு, ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். முதல் ஓரிரு நாள் வலி கூடலாம், அந்த இடத்தில் தோல் வெளுக்கலாம், நாணுக்குச் சேதம் வருவது அரிது, ஆனால் வரவே வராது என்று வாக்குக் கொடுக்க முடியாது என்றார். இசக்கி தன் பெருவிரலை ஒருமுறை மடக்கி விரித்துப் பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

மருத்துவர் சொன்னபடியே முதலில் வலி கூடியது. ஒரு வாரத்தில் தணிந்தது. பிறகு இயன்முறைப் பயிற்சி: பெருவிரலை மெல்ல விரிப்பது, ரப்பர் பட்டையை இழுப்பது. குடத்தைப் பெருவிரலால் கவ்வாமல் உள்ளங்கையால் ஏந்தப் பழகினாள். கடையில் தடித்த துணிகளை இன்னொருவர் வெட்டுகிறார்.

முழுக்கக் குணம் என்று சொல்ல மாட்டேன். காலையில் வெந்நீரில் கையை வைத்த பிறகுதான் எங்கள் வீட்டில் பேச்சு தொடங்கும். அவள் சைகைகள் இப்போது சிறியவை. நெஞ்சுக்கு மேல் அதிகம் எழுவதில்லை. நடுவில் நிறுத்தி, விரலை உதறி, விட்ட இடத்திலிருந்து தொடர்வாள்.

போன வாரம் தென்காசி பேருந்து நிலையத்தில் நின்றோம். கடையில் யாரோ ஒருத்தி ரவிக்கையின் இரண்டு கைக்கும் இரண்டு அளவு கொடுத்துவிட்டு, தைத்த பிறகு சண்டைக்கு வந்த கதையை இசக்கி சொல்லிக்கொண்டிருந்தாள். பாதியில் எங்கள் பேருந்து வந்தது. அதே நேரம் அவள் பேச்சை நிறுத்தி விரலை உதறினாள். முடிவு என்னவென்று எனக்குத் தெரிந்துவிட்டது. என் கைகள் எழவில்லை.

நடத்துனர் விசில் கொடுத்தார். பேருந்து கிளம்பிப் போனது. இசக்கி கதையை முடித்தாள். நான் ஊகித்த முடிவு அது இல்லை.