புகைபோக்கி வைத்த மோட்டார் எஞ்சின்

யுத்தம் முடிந்த மறு வருஷம் நான் அருப்புக்கோட்டையில் ஒரு லேத்துப் பட்டறையில் பிட்டராக இருந்தேன். பருத்தி ஆலை வைத்திருந்த ஒரு முதலாளி, மூடிப்போன கல்குவாரியின் தண்டவாளங்களையும் நான்கு திறந்த பெட்டி வண்டிகளையும் ஏலத்தில் எடுத்தார். இரண்டடி அகலப் பாதை. அதை ஆலையிலிருந்து பாளையம்பட்டிப் பக்கம் சரக்கு அடுக்கும் கிட்டங்கி வரை போட்டுவிட்டு, பஞ்சுப் பொதிகளை இழுக்க ஓர் எஞ்சின் செய்து தரும்படி எங்கள் பட்டறையில் சொன்னார். ரயிலைப் பற்றி அவருக்குத் தெரிந்ததெல்லாம் அதில் ஏறி உட்காரத்தான்.

பழைய லாரி மோட்டாரை இரும்புச் சட்டத்தில் உட்கார வைத்தோம். சக்கரங்களை நானே கடைந்தேன். தடம் விட்டு இறங்காதபடி உள்விளிம்பு விட்டு, நான்கும் நூல் பிசகாமல். ஓட்டிப் பார்த்தபோது நான்கு வண்டிகளையும் அலுங்காமல் இழுத்தது.

முதலாளி சுற்றிப் பார்த்து முகம் சுளித்தார்.

"ஏப்பா, புகைபோக்கி எங்க?"

"இது பெட்ரோல்ல ஓடுறது முதலாளி. புகைபோக்கி வேண்டியதில்ல."

"புகை வராட்டி எவன் இத ரயிலும்பான்? திறப்பு விழாவுக்கு ஜில்லா ஆபீசரு வாராக. வச்சுரு."

"வச்சுருவோம், வச்சுருவோம்" என்றார் பட்டறைக்காரர். முதலாளி வால் வைக்கச் சொல்லியிருந்தாலும் வைத்திருப்பார்.

தகரத்தைச் சுருட்டி ஆளுயரக் குழாய் செய்தேன். அடியில் ஒரு டின்னில் பனையோலையை எரித்துப் புகை கிளப்ப வேண்டும். அதற்கு வேறு வேலையே கிடையாது.

ஆடி மாதம் திறப்பு விழா. நான் ஓட்டினேன். முதலாளி கோட்டும் மாலையுமாக என் பக்கத்தில் நின்று கையசைத்தார். பாதி வழியில் குழாயிலிருந்து பொறி பறந்து முதல் வண்டிப் பஞ்சில் விழுந்தது. காற்று வேறு. முதலில் குதித்து ஓடியவர் முதலாளிதான். நான் கொக்கியைக் கழற்றி எஞ்சினை முன்னால் நகர்த்தினேன். ஆட்கள் கரிசல் மண்ணை அள்ளி வீசியும் இரண்டு வண்டிச் சரக்கு எரிந்துபோயிற்று.

ஆபீசரிடம் முதலாளி என்னைக் காட்டினார். "இந்தப் பயலுக்கு ஓட்டத் தெரியலய்யா."

"எஞ்சினு தீ வைக்கல முதலாளி. நீங்க கேட்ட குழாயி வச்சுச்சு."

அன்றோடு வேலை போயிற்று. பிறகு அந்த மோட்டார் அவர் தோட்டத்தில் தண்ணீர் இறைத்தது. தண்டவாளத்தில் வண்டிகளை மாடுகள் இழுத்தன.

அந்த ஆளை நினைத்தால் இன்றும் காறித் துப்பத் தோன்றும். ஆனால் பொறி பறக்கும் என்று தகரத்தைச் சுருட்டும்போதே எனக்குத் தெரியும். சொன்னால் கேட்கவா போகிறார் என்று வாயை மூடிக்கொண்டேன். அந்தத் துப்பலில் எனக்கும் பங்கு உண்டு.