திருப்பிக் கேட்பவர்

கவரைப்பேட்டை ரயில் நிலைய டீக்கடையில் தினமும் அந்த அம்மாவைப் பார்ப்பேன். நரைத்த தலை, கம்பெனிச் சீருடை, கையைப் பிடித்தபடி நாற்பது வயதுத் தம்பி. தம்பிக்கு எதுவும் மெதுவாகத்தான் விளங்கும். எதைக் கேட்டாலும் பெரும்பாலும் கடைசியாகக் காதில் விழுந்ததையே பதிலாகச் சொல்லிவிடுவார். அதனால் அக்கா மாற்றி இன்னொரு முறை கேட்பார்.

"டீயா, பாலா?"

"பாலு."

"பாலா, டீயா?"

"பாலு."

"ரெண்டு வாட்டியும் ஒண்ணே சொன்னாதான் சார் அது அவன் இஷ்டம்," என்பார் என்னிடம். ரயில் வந்து நின்றாலும் அவசரப்பட மாட்டார்.

கடைசியாகப் பார்த்தபோது மிகவும் இளைத்திருந்தார். மறுநாள் ஆஸ்பத்திரியில் சேர வேண்டுமாம், பிழைப்பது நிச்சயமில்லையாம். பக்கத்தில் அவர்களுடைய அண்ணன், பைக் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றிருந்தார்.

"நான் இல்லாங்காட்டி அண்ணன் ஊட்ல இருக்கியா, ஹோமுக்குப் போறியா?"

"ஹோமுக்கு."

"பாத்தியாம்மா, அவனே சொல்லிட்டான்," என்றார் அண்ணன்.

அந்த அம்மா வாயைத் திறந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

பாலுக்கே இரண்டு முறை கேட்டவர், இதை ஏன் திருப்பிக் கேட்கவில்லை? எனக்கு இன்னும் விளங்கவில்லை. தம்பி மட்டும் அடுத்த கேள்விக்காக அக்காவின் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.