டிக்கெட் கொடுக்காமல் டெப்போ சேர்ந்தவர்

அந்தத் தெருவில் அவளைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. கொரியர்காரர் முதல் மருந்துக்கடைக்காரர் வரை எல்லோருக்கும் அவள் செக்கர் மகள்தான். இத்தனைக்கும் அவள் சாதாரண ஆள் இல்லை. ஃபிளாஷ் என்ற கம்ப்யூட்டர் மென்பொருளில் பொம்மைகளை ஆடவைப்பது அவள் தொழில். மூக்கடைப்பு மருந்து விளம்பரம் ஒன்றில் ஒரு மூக்கு இடுப்பை வளைத்து ஆடும். அந்த மூக்குக்கு இடுப்பு வைத்தவள் அவள்தான். ஆனால் மூக்குக்கு இடுப்பு வைத்தால் என்ன, காதுக்குக் கால் வைத்தால் என்ன, தெருவுக்கு அவள் அப்பாதான் பெரிய ஆள்.

அப்பா பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். வேலை ஓய்ந்ததே தவிர செக்கர் என்ற பட்டம் ஓயவில்லை. போன மாதத்துப் பாஸை விரல் இடுக்கில் காட்டுகிறவன், பரிசோதகர் ஏறியதும் குறட்டை விடுகிறவன், காது கேட்காதவன்போல நடிக்கிறவன் என்று உலகத்திலுள்ள எல்லாத் தில்லுமுல்லும் அவருக்கு அத்துப்படி. "டிக்கெட் எடுக்காதவன் ஜன்னலுக்கு வெளியவே ரொம்ப அக்கறையா பாப்பான்" என்பார். இப்படி ஊரையே பிடித்த மனிதரை ஒருநாள் காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது, பக்கவாதம் பிடித்தது.

கால் ஒரு மாதத்தில் தேறியது. வாய் இரண்டே நாளில் தேறிவிட்டது. "அதுக்கு என்ன அவசரம், கொஞ்சம் மெதுவா வந்திருக்கலாம்" என்று அம்மா இன்றைக்கும் வருத்தப்படுகிறாள். வலது கை மட்டும் வரவில்லை. முக்கியமாக நடுவிரலும் மோதிர விரலும் உள்ளங்கையைப் பார்த்து மடங்கிக்கொண்டு, கூப்பிட்டால் திரும்பாமல் கிடந்தன.

வீட்டுக்கு வரும் பிசியோதெரபி பெண் கறாராகச் சொல்லிவிட்டாள். "இந்த அஞ்சாறு மாசம்தான் சார் நம்ம கையில இருக்கு. அதுக்குள்ள தினமும் அசைச்சு வேலை வாங்கணும். விட்டா, கை இப்படியே நின்னுடும்."

அவள் கொடுத்த ரப்பர் பந்து மறுநாளே காணாமல் போனது. அடுத்த பந்து அலமாரிக்கு அடியில் ஒளிந்தது. அதற்கடுத்தது தெருநாயின் வாயில் இருந்தது. "பந்துக்குக் கால் முளைச்சிடுச்சும்மா, நான் என்ன செய்ய?" என்று அப்பா கையை விரித்தார். விரிக்க முடிந்தது இடது கையைத்தான். உண்மை என்னவென்றால் அவருக்குப் பயம். பந்தை அழுத்தப் பார்த்து, அழுத்த முடியாமல், அதை மனைவியும் மகளும் நின்று பார்ப்பதைவிட, சோம்பேறி என்று பெயரெடுப்பது அவருக்குச் சுலபமாக இருந்தது.

மகள் விடவில்லை. ஃபிளாஷில் ஒரு பஸ் வரைந்தாள். பெரிய மீசை வைத்த கண்டக்டர், வரிசையாக ஏறும் பயணிகள். மவுஸால் டிக்கெட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் ஒவ்வொருவர் கையிலும் கொடுக்க வேண்டும். எல்லோருக்கும் கொடுத்து முடித்தால் பஸ் டெப்போவுக்குள் நுழையும், மணி அடிக்கும், பயணிகள் கைதட்டுவார்கள். இடது கையால் ஏமாற்றக் கூடாது என்று மவுஸை அவர் வலது கையோடு துணிப்பட்டையால் கட்டிவிடுவாள். கீபோர்டைப் பிடுங்கித் தன் அறைக்குக் கொண்டுபோய்விட்டாள்.

"என்னைக் கண்டக்டர் ஆக்கிட்டியா?" என்று அப்பா கொதித்தார். "நான் செக்கர்டி. இது பதவி இறக்கம்." ஆனாலும் ஆள்காட்டி விரலை மட்டும் வைத்து, முனகிக்கொண்டே தினமும் ஓட்டினார்.

இப்படி இருக்கையில்தான் பிரவுசர்கள் எல்லாம் ஒன்று சேர்ந்து இனிமேல் ஃபிளாஷை ஓட்டமாட்டோம் என்று கதவைச் சாத்தின. ஒருநாள் காலை பஸ் இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம் நின்றது. அப்பா முகத்தில் அவ்வளவு பிரகாசத்தை அந்த வீடு சமீபத்தில் பார்த்ததில்லை.

"பஸ் ஸ்ட்ரைக்" என்றார்.

"ஸ்ட்ரைக்கும் கிடையாது ஒண்ணும் கிடையாது. பிரவுசர் இல்லாமலே ஓடற மாதிரி மாத்திடுவேன். டபுள் கிளிக் பண்ணா பஸ் கிளம்பும்."

"பாவம், உனக்கு ஏம்மா சிரமம்?" என்றார் அவர், மகள்மேல் அப்படி ஒரு பாசத்துடன்.

ஃபிளாஷ் படத்தைத் தனியாக ஓடும் புரோகிராமாக மாற்றித்தரும் மென்பொருள்கள் ஊர்ப்பட்டவை இருந்தன. அவள் வடிகட்டி மூன்றை நிறுத்தினாள். அம்மா அவற்றுக்குப் பெயர் வைத்தாள். ஃபிளாஷோடு கூடவே சும்மா வந்தது இலவசம். அழகான ஐகான் வைத்துத் தருவது மாப்பிள்ளை. சகலத்தையும் பூட்டிவைக்கும் விலை உயர்ந்த மூன்றாவது, பூட்டுக்காரன். எது சின்ன ஃபைலாகத் தருகிறது, எது சீக்கிரம் திறக்கிறது, எதில் படமும் சத்தமும் ஒன்றாக ஓடுகிறது என்று மகள் முறையாக ஒப்பிட்டுப் பார்க்கத் தொடங்கினாள். பெண் பார்க்கப் போனவர்கள்கூட அவ்வளவு நுணுக்கமாகப் பார்த்திருக்கமாட்டார்கள்.

முதலில் இலவசம். ஃபைல் சின்னது, கண் இமைப்பதற்குள் திறந்தது. அவள் கம்ப்யூட்டரில் அருமையாக ஓடியது. கூடத்தில் இருந்த அப்பாவின் கம்ப்யூட்டரில் போட்டால் கண்டக்டர் வாயைத் திறந்து திறந்து மூடினார், சத்தமே வரவில்லை.

"ஊமையை எல்லாம் வேலைக்கு எடுக்கறாங்களா இப்போ?" என்றார் அப்பா.

தவறு அவளுடையதுதான். ஒலி ஃபைல்கள் புரோகிராமுக்குள் போகாமல் அவள் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன. தன் வீட்டில் ஓடுவதால் ஊரெல்லாம் ஓடும் என்று நம்புவது அந்தத் தொழிலில் இருப்பவர்களுக்கே உரிய நோய். அதைச் சரிசெய்து கொடுத்துவிட்டு அறைக்குள் போய் உட்கார்ந்தாள். ஒரு நிமிடம் ஆகவில்லை, கூடத்தில் மணி அடித்தது, கைதட்டல் கேட்டது.

ஓடிவந்து பார்த்தால் அப்பா சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "இன்னிக்குக் கூட்டம் கம்மி" என்றார்.

பிறகுதான் கண்டுபிடித்தாள். இலவசத்தில் மவுஸின் வலப்பக்கப் பட்டனை அழுத்தினால் ஒரு பட்டியல் விழும். அதில் 'முன்னே போ' என்று இருந்தது. ஒரு டிக்கெட்கூடக் கொடுக்காமல் மனிதர் நேராக டெப்போவில் இறங்கியிருக்கிறார். வேலியே பயிரை மேய்கிறது! பட்டையை அவிழ்த்துவிட்டு இடது கையால் செய்திருப்பார் என்று நினைத்து, பல்லைக் கடித்தபடி இலவசத்தைத் தள்ளிவைத்தாள்.

அடுத்தது மாப்பிள்ளை. அந்தப் பட்டியலை முழுவதுமாக மறைத்துவிட்டான். ஆனால் அவன் செய்துகொடுத்த புரோகிராமைக் கண்டதும் ஆன்ட்டிவைரஸுக்குச் சந்தேகம் வந்து, ஒரு சின்னப் பெட்டியைக் காட்டி, 'அனுமதிக்கவா, நீக்கவா' என்று கேட்டது. குளித்துவிட்டு மகள் வந்து பார்த்தபோது பஸ் இல்லை.

"வைரஸ்னு சொல்லிச்சு" என்றார் அப்பா. "நீக்குன்னு அமுக்கிட்டேன். வீட்டுப் பாதுகாப்பு முக்கியம் இல்லையா?"

"அந்தப் பட்டன் கடுகு மாதிரி இருக்கும். அதைப் போய்க் குறிபாத்து அமுக்கினீங்களாக்கும்?"

"இடது கையாலதான்" என்றார் அவர், கேட்காமலே.

அன்று பிசியோதெரபி பெண் வந்தாள். வலது கையைத் தூக்கி மேசைமேல் வைத்தாள். அது ஈரத்துணிபோலக் கிடந்தது. "அழுத்துங்க சார்" என்றாள். அப்பா ஜன்னலுக்கு வெளியே ரொம்ப அக்கறையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். மடங்கிய இரண்டு விரலும் அசையவில்லை. "இன்னொரு மாசம் பாப்போம். இல்லைன்னா பலகை வச்சுக் கட்டணும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். மகள் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு, பாத்திரம் கழுவுவதுபோல அழுதாள். மூக்கை ஆடவைக்கத் தெரிந்தவளுக்கு இரண்டு விரலை ஆடவைக்கத் தெரியவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆகவே பூட்டுக்காரன். ஃபைல் யானைக்கனம், திறக்கச் சோம்பல் முறித்தான். ஆனால் திரை முழுவதையும் பிடித்துக்கொண்டான். பட்டியல் கிடையாது, மூடும் பட்டன் கிடையாது, ஆன்ட்டிவைரஸும் அவனைக் கண்டால் ஒதுங்கிக்கொண்டது. பதினைந்து நாள் இலவசமாக ஓட்டிப் பார்க்கலாம். "இனிமே உங்க பருப்பு வேகாதுப்பா" என்று சொல்லி, பட்டையை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை புரோகிராம் திறக்க மறுத்தது. 'உங்கள் சோதனைக் காலம் முடிந்துவிட்டது.'

"அடப் பாவமே, காலாவதி ஆயிடுச்சு போல" என்றார் அப்பா. துக்க வீட்டில் பேசுகிற குரல்.

அவள் அந்த நிறுவனத்துக்குப் போன் போட்டுக் கிழி கிழி என்று கிழித்தாள். பதினைந்து நாள் என்று சொல்லி ஒரே நாளில் மூடுவது எந்த ஊர் நியாயம் என்று கேட்டாள். மறுமுனையில் இருந்தவர் தன் வாழ்நாளில் அவ்வளவு வசவு வாங்கியிருக்கமாட்டார். அவர் மன்னிப்புக் கேட்டுப் புதிய சாவி எண் ஒன்று கொடுத்தார். அதுவும் மறுநாளே காலாவதியானது. இப்போதுதான் செக்கர் மகளுக்குச் செக்கர் புத்தி வந்தது. இன்னொரு எண் வாங்கிப் போட்டுவிட்டு, "கடைக்குப் போறேன்" என்று செருப்பை மாட்டி, வாசல்வரை சத்தமாக நடந்து, சத்தமில்லாமல் திரும்பிவந்து கதவிடுக்கில் நின்றாள்.

அப்பா தெருப்பக்கம் ஒருமுறை பார்த்தார். பஸ்ஸைத் திறக்கவில்லை. திரையின் மூலையில் இருந்த கடிகாரத்துக்கு அம்புக்குறியைக் கொண்டுபோனார். தேதி மாற்றும் பெட்டி திறந்தது. அதில் எறும்பு அளவுக்கு மேலே ஒரு முக்கோணம், கீழே ஒரு முக்கோணம். நாக்கைக் கடித்துக்கொண்டு மேல் முக்கோணத்தைக் குறிபார்த்து அமுக்கினார். ஒரு மாதம் போனது. இன்னொரு மாதம். வருஷமே புரண்டது. பஸ்ஸைத் திறந்தார், காலாவதி என்று வந்தது, மூடினார். தடயம் இருக்கக் கூடாதே! தேதியைப் பழையபடி ஒவ்வொரு மாதமாகப் பின்னால் இறக்கினார்.

'அப்பா!' என்று கத்துவதற்கு வாயைத் திறந்தவள் அப்படியே நின்றாள். இடது கை தொடையில் சும்மா கிடந்தது. பட்டை அவிழ்ந்து மேசைமேல் கிடந்தது. கட்டு இல்லாமல், யாரும் சொல்லாமல், மவுஸின்மேல் ஏறி உட்கார்ந்து இத்தனை அக்கிரமமும் செய்துகொண்டிருந்தது வலது கை. பட்டியலை விழவைத்தது நடுவிரல். கடுகுப் பட்டனைக் குறிபார்த்ததும் இதே கைதான். உருப்படியான வேலை சொன்னபோதெல்லாம் செத்துக் கிடந்த கை, திருட்டுத்தனம் என்றதும் எழுந்து உட்கார்ந்திருக்கிறது. எழுந்ததைச் சொன்னால் திருட்டு வெளிப்பட்டுவிடும் என்று பிசியோதெரபி பெண் முன்னால் அதைச் சாகடித்தும் காட்டியிருக்கிறார்.

பின்னாலிருந்து ஒரு கை அவள் வாயைப் பொத்தியது. அம்மா. இருவரும் சமையலறைக்குப் போய், ஒருவர் தோளில் ஒருவர் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தார்கள், அழவும் செய்தார்கள்.

"போய்க் கேக்கட்டுமா?" என்றாள் மகள்.

"கேட்டா நிறுத்திடுவார்டி. பேசாம இரு."

அன்றோடு ஒப்பீடு முடிந்தது. பூட்டுக்காரனுக்கு விடைகொடுத்தாள். மூன்றிலும் ஓட்டை அதிகம் உள்ள இலவசத்தையே தேர்ந்தெடுத்தாள். அது போதாதென்று படத்துக்குள் தானே ஓர் ஓட்டை வைத்தாள். டிரைவரின் கண்ணாடியில் ஒரு புள்ளி. அதைப் பிடித்துக் கதவுவரை இழுத்தால் டெப்போ வந்துவிடும். "இதை உடைக்க யாராலும் முடியாதுப்பா" என்று சொல்லிவிட்டுப் போனாள். மதியத்துக்குள் மணி அடித்தது. அடுத்த நாள் புள்ளியைச் சிறிதாக்கினாள். பிறகு அதை நகரவைத்தாள். அவர் விரட்டிப் பிடித்தார். விடாக்கண்டனும் கொடாக்கண்டனும் ஒரே கூரைக்கு அடியில் அந்த மாதத்தை ஓட்டினார்கள்.

பிசியோதெரபி பெண் பலகையோடு வந்தாள். கையை மேசையில் வைத்தாள். வழக்கம்போல ஈரத்துணி.

"வேற வழியில்லை சார். ரெண்டு மாசம் கட்டி வச்சுடலாம்."

அப்பா திடுக்கிட்டார். "அதுவரைக்கும் மவுஸு?"

"மவுஸெல்லாம் தொடவே கூடாது."

"குடுங்க மேடம், நானே கட்டறேன்" என்று மகள் பலகையை வாங்கிக்கொண்டாள். முகத்தில் சிரிப்பின் நிழல்கூட இல்லை. "நல்லா இறுக்கிக் கட்டிடலாம். எப்படியும் உபயோகமில்லாத கைதானே." பலகையை அவர் விரல்களுக்கு அடியில் செருகக் குனிந்தாள்.

ஈரத்துணி எழுந்தது. ஐந்து விரலும் விரிந்து வந்து அவள் மணிக்கட்டைக் கப்பென்று பிடித்தன. "கட்டிட்டா நான் எப்படிடி டெப்போ போறது?" என்று கத்தினார். கத்தியபிறகுதான் எந்தக் கையால் பிடித்திருக்கிறோம் என்று பார்த்தார்.

பிசியோதெரபி பெண் வாய் பிளந்து நின்றாள். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கியது.

"விடுங்கப்பா, வலிக்குது" என்றாள் மகள். கண்ணீர் அது பாட்டுக்கு இறங்கிக்கொண்டிருந்தது.

"நெஜமாவா?"

"நெஜமா வலிக்குதுப்பா."

அவர் தன் விரல்களையே பார்த்தார். பிறகு இன்னும் கொஞ்சம் அழுத்தினார்.