செல்வமேரி ஓட்டியதும் அவள் அம்மா நடந்ததும்

நேர்ச்சை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இத்தனைக்கும் நான் பழனிக்குப் பக்கத்தில் பாலசமுத்திரத்தில் பிறந்தவன். காவடியும் மொட்டையும் பார்த்துப் பார்த்து வளர்ந்தவன். தாய் வேண்டிக்கொள்வாள், பிள்ளையின் தலைமுடி போகும். அந்தப் பிள்ளையை ஒரு வார்த்தை யாராவது கேட்டதுண்டா? செல்வமேரி விஷயத்திலும் யாரும் கேட்கவில்லை.

எனக்குக் கொடைக்கானல் நாயுடுபுரத்தில் மோட்டார் சைக்கிள் ஒர்க் ஷாப். செல்வமேரியின் அப்பா சிலுவைராஜ் வடகவுஞ்சியிலிருந்து ஒரு பழைய ஜாவா பைக்கில் பால் கொண்டுவந்து கொடைக்கானல் ஹாஸ்டல்களுக்கு ஊற்றுவார். எழுபத்தேழில் மஞ்சள் காமாலை அவரைக் கொண்டுபோனது. அடக்கம் முடிந்து சில நாளில் அதே ஜாவா, அதே இரண்டு பால்கேன், கடைவாசலில் வந்து நின்றது. மேலே பதினேழு வயதுப் பெண். அப்பாவின் பேண்ட்டை மாட்டி, இடுப்பில் சணல் கயிறு கட்டியிருந்தாள்.

"ஏ புள்ள, ஒனக்கு வண்டி விட யாரு கத்துக்குடுத்தது?"

"யாரும் கத்துக்குடுக்கலண்ணே. அப்பா பின்னால உக்காந்து பாத்ததுதான். கிளட்ச் ஒயரு அந்துபோற மாதிரி கெடக்கு. வெரசா மாத்துங்க, பால் கெட்டுப்போகும்."

என்ன திமிர் என்றுதான் நினைத்தேன். பிறகொரு நாள் அவள் ஊருக்குப் போனபோது அந்தத் திமிருக்குக் காரணம் தெரிந்தது. வீட்டிலிருந்து தார் ரோட்டுக்கு வரும் வழி பாதையே இல்லை. கல்லும் சேறும் வேரும்தான். கேன் ரொம்பக் குலுங்கினால் பாலில் வெண்ணெய் திரண்டுவிடும். அதனால் அவள் உட்காராமல், ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று, முழங்காலை மடக்கி, குலுக்கலையெல்லாம் தன் காலிலேயே வாங்கிக்கொண்டு வந்தாள். வண்டி துள்ளியது, அவள் துள்ளவில்லை. இந்தப் பெண்ணைப் பால் ஊற்றவா கடவுள் படைத்தான்?

எண்பத்தொன்றில் கோயம்புத்தூருக்கு வெளியே மண்ணைக் குவித்து மேடும் பள்ளமுமாக ஒரு ரேஸ் நடத்தினார்கள். மோட்டோகிராஸ் என்று பேர். நான் ஜாவாவின் மட்கார்டையும் லைட்டையும் கழற்றி எறிந்துவிட்டு அவளைக் கூட்டிக்கொண்டு போனேன். பெண் பிள்ளை என்று சொல்லிப் பேர் கொடுக்கவே ஒரு மணி நேரம் சண்டை போட வேண்டியிருந்தது. கடைசியில் விட்டார்கள். அத்தனை ஆண்களுக்கு நடுவில் அவள் மூன்றாவதாக வந்தாள்.

பரிசு கொடுக்கும்போது பார்த்தால், மூன்றாம் கப் நாலாவதாக வந்தவன் கையில் இருக்கிறது. இவளுக்கு "லேடீஸ் ஃபர்ஸ்ட்" என்று ஒரு பிரஷர் குக்கர். லேடீஸே இவள் ஒருத்திதான். செல்வமேரி குக்கரை மேசைமேல் திருப்பி வைத்தாள்.

"இத ஒங்க வீட்ல குடுத்துருங்க சார். எங்க வீட்ல மண்சட்டியே நல்லா வேகுது. என் கப்ப வாங்கிக் குடுங்க."

கூட்டம் விசிலடித்தது. கப் வந்தது. அதற்குப் பிறகு எந்த மைதானத்திலும் குக்கர் என்ற பேச்சே எழவில்லை. சேலத்தில் இரண்டாவது, மறு வருஷம் கோவையிலேயே முதலாவது. பேப்பரில் போட்டோ வந்தது. பெண் பார்க்க வருவதாக இருந்த வத்தலக்குண்டுக்காரர்கள் அந்தப் போட்டோவைப் பார்த்ததும் வராமலே இருந்துவிட்டார்கள். ஊரில் சிலர் வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். அவளுடைய அம்மா கித்தேரியம்மாள் மட்டும் எதுவும் சொல்லமாட்டார். மகள் திரும்பி வந்ததும் கையையும் காலையும் தடவிப் பார்ப்பார். பிறகு சோறு போடுவார், அவ்வளவுதான்.

எண்பத்துமூன்றில் அந்த அம்மாள் முதல்முதலாக ரேஸ் பார்க்க வந்தார். வராமலே இருந்திருக்கலாம். மேட்டிலிருந்து பறந்து இறங்கும்போது செல்வமேரி சறுக்கி விழுந்தாள். பின்னால் வந்தவன் வண்டி அவள்மேல் ஏறியது. ஆஸ்பத்திரியில் கண் திறக்காமல் கிடந்தாள். டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். வராந்தாவில் கித்தேரியம்மாள் முழங்காலில் நின்று, சலேத் மாதாவிடம் சத்தமாகவே சொன்னார்: "தாயே, எம்புள்ளயத் திருப்பிக் குடு. இனிமே அவ சக்கரத்துமேல ஏறமாட்டா."

செல்வமேரி பிழைத்துக்கொண்டாள். நேர்ச்சையைக் கேட்டதும், தலைக்கட்டோடு எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"என் வண்டிய மாதாவுக்கு எழுதிக் குடுக்க ஒன்ன யாரும்மா கேட்டா?"

எனக்கும் ஆத்திரம்தான். மூன்று பேருமாகக் கொடைக்கானல் மலைமேல் சலேத் மாதா கோயிலுக்குப் போய்ப் பங்குச் சாமியாரிடம் நியாயம் கேட்டோம். நல்ல மனுஷர். நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னார்.

"பிறத்தியார் பேர்ல வைக்கிற நேர்ச்சை செல்லாதும்மா. நேர்ச்சை யாரு வச்சாங்களோ அவங்களத்தான் கட்டும். ஒங்க மகளக் கட்டாது."

எனக்கு அப்பாடா என்றிருந்தது. செல்வமேரி சிரித்தேவிட்டாள். கித்தேரியம்மாள் பீடத்தைப் பார்த்துவிட்டுச் சாமியாரிடம் திரும்பினார்.

"வச்சது நான். அப்ப என்னயக் கட்டும்ல சாமி?"

"அதையும் என்னால மாத்திக் குடுக்க முடியும்மா. பத்து ஜெபமாலை சொல்லுங்க, போதும்."

"வேண்டாம் சாமி. மாதா எனக்கு அரைகுறையாவா குடுத்தா? முழுசால்ல குடுத்தா." மகளைத் திரும்பிப் பார்த்தார். "நீ ஓட்டு தாயி. ஒனக்குப் பதிலா நான் ஏறல."

வாசலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போக நான் பிடித்து வைத்திருந்த டாக்ஸி நின்றது. அவர் அதைச் சுற்றிக்கொண்டு நடந்தார். வடகவுஞ்சி வரைக்கும் நடந்தார். அதன்பின் பஸ், ஜீப், மாட்டுவண்டி என்று சக்கரம் வைத்த எதிலும் அந்த அம்மாள் ஏறவில்லை. மகளுக்கு எங்கே ரேஸ் என்றாலும் அன்றைக்கு வெள்ளனே எழுந்து, இருட்டோடு இருட்டாகக் கிளம்பி, மாதா கோயிலுக்கு நடப்பார். போய்ச் சேர மத்தியானம் தாண்டிவிடும். மலைப்பாதையில் பாதம் பாளம் பாளமாக வெடித்து, சமயத்தில் படியெல்லாம் ரத்தத் தடம் இருக்கும்.

ஒரு தடவை செல்வமேரி என் கடையில் உட்கார்ந்து அழுதாள். வண்டியை விட்டுவிடுகிறேன், நீ பஸ்ஸில் ஏறு என்று அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாளாம்.

"அதுக்கு அம்மா என்ன சொல்லுச்சு தெரியுமாண்ணே? நீ வண்டில போறப்ப சிரிச்சுக்கிட்டே போறியாம், அப்பாவோட போயிருச்சுன்னு நெனச்ச சிரிப்பாம். அதுக்குத்தான் நடக்கேன், நீயும் விட்டுட்டா நான் எதுக்கு நடக்கணும்ங்குது."

இப்படிப்பட்ட அம்மாவோடு யார் சண்டை போட முடியும்? அவள் ஓட்டினாள். முன்னைவிட வெறியாக ஓட்டினாள். எண்பத்தாறில் பெங்களூரில் ஒரு ரேஸ் டீம் அவளை மாதச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டது. புது வண்டி, முழங்கால் வரை பூட்ஸ், ஹெல்மெட்டில் அவள் பேர். அந்த டீமில் அவள் ஒருத்திதான் பெண். ஜெயித்துக்கொண்டே இருந்தாள். அவள் ஜெயித்த நாளெல்லாம் இங்கே ஒருத்தர் மலையில் நடந்துகொண்டிருந்தார்.

எண்பத்தேழு ஐப்பசி. மழை விட்டிருந்த ஒரு காலையில் செல்வமேரி வண்டியைக் கடைவாசலில் போட்டுவிட்டு ஓடிவந்தாள். லீவுக்கு வந்திருந்தாள். அம்மாவுக்கு ராத்திரியெல்லாம் வயிற்றுவலி, நர்ஸ் பார்த்துவிட்டுக் குடல்வால் என்கிறாள், உடனே ஆபரேஷன் செய்யாவிட்டால் வெடித்துவிடுமாம். நான் ஒரு ஜீப்பைப் பிடித்துக்கொண்டு பறந்தேன்.

கித்தேரியம்மாள் கதவுநிலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஏற மாட்டேன் என்றார்.

"ஏங்க்கா, ஒங்களுக்குப் புத்தி கித்தி இருக்கா?" என்று கத்தினேன். "மாதா வந்து ஒங்க வயித்தக் கீறி வைத்தியம் பாப்பாளா?"

செல்வமேரி அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு கதறினாள். "நான் தூக்கிப் போட்டுக் கொண்டு போயிருவேன்மா!"

"தூக்கிப் போட்டன்னா நான் பொழச்சுக்குவேன் தாயி. நீ அடுத்த ரேஸ்ல விழுவ. அப்ப நான் யாருகிட்டப் போயிக் கேப்பேன்?"

வலியில் உதடு நீலம் பாரித்திருந்தது. ஆனால் குரலில் நடுக்கம் இல்லை. அந்தக் குரலுக்கு எதிராக அவளாலும் முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. கடைசியில் ஊர்க்காரர்கள் கம்பளியை மூங்கிலில் கட்டி டோலி ஆக்கினார்கள். அதில் சக்கரம் கிடையாது. கொடைக்கானலுக்கு ஏறுவதைவிடப் பழனி ஆஸ்பத்திரிக்கு இறங்குவது சுலபம் என்று ஒற்றையடிப் பாதையில் தூக்கிக்கொண்டு கிளம்பினார்கள். நான் வெறும் ஜீப்பை ரோட்டு வழியாகச் சுற்றி ஓட்டிக்கொண்டு பாலசமுத்திரத்துக்கு இறங்கினேன். வழியெல்லாம் மாதாவையும் முருகனையும் சேர்த்துத் திட்டினேன். பாதை வந்து முடிகிற மாந்தோப்பில் காத்துக் கிடந்தேன்.

பொழுது சாயும்போது டோலி வந்தது. முன் மூங்கில் செல்வமேரியின் தோளில் இருந்தது. பாதி இறக்கத்திலேயே மூச்சு நின்றுவிட்டதாம். அதற்குப் பிறகு அவள் வேறு யாரையும் தோள் கொடுக்க விடவில்லையாம்.

எல்லோருமாக அம்மாவை ஜீப்பில் படுக்க வைத்தோம். நாலு வருஷம் கழித்து கித்தேரியம்மாள் ஒரு வண்டியில் ஏறியது அன்றைக்குத்தான். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன்.

தை மாதம் கோவையில் ரேஸ் இருந்தது. வேண்டாம் என்று டீம்காரர்களே சொன்னார்கள். "அம்மாவுக்குப் பிடிச்சது நான் ஓட்டுறதுதான்" என்று செல்வமேரி வந்துவிட்டாள். நானும் போயிருந்தேன். வரிசையில் வண்டிகள் நின்றன. கொடி இறங்கியதும் எல்லாம் மண்ணை வாரி இறைத்துக்கொண்டு பாய்ந்தன. அவள் வண்டி மட்டும் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நின்றது. கோளாறு என்று நினைத்து ஓடினேன். வண்டியில் ஒரு குறையும் இல்லை.

"என்ன புள்ள? எல்லாரும் போறானுக பாரு!"

அவள் எஞ்சினை அணைத்தாள். ஹெல்மெட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"இன்னைக்கு எனக்காக யாருண்ணே நடக்கா?"

நேர்ச்சையை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. ஆனால் "ஓட்டு" என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.